கரிக்கு ஆகாத மரம்

மலாயில் பாக்கார் என்றால் சுடுவது, ஆராங் என்றால் அடுப்புக்கரி. தோட்டத்து லயத்தைக் காலி செய்துவிட்டுப் பாக்கார் ஆராங்கில் குடியேறப் போகிறோம் என்று அப்பா சொன்ன இரவு, பாட்டி வெற்றிலையை மடித்தபடி அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். “கரி சுடுற எடமா? அப்ப வெறகுக்குப் பஞ்சமிருக்காது” என்றாள். எந்த ஊரையும் விறகை வைத்துத்தான் எடைபோடுவாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சுங்கை பட்டாணிப் பட்டணத்தை ஒட்டி, தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த பக்கம். அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. லோரியில் கட்டில், அலமாரி, அம்மி, சாமி படங்கள், கோழிக்கூடு எல்லாம் ஏறியபின் மிச்சமிருந்த இடத்தில் நானும் அண்ணனும் ஏறிக்கொண்டோம். குனோங் ஜெராய் மலை வழி நெடுகக் கூடவே வந்தது. லயத்து வாசலில் நின்றால் வலது கைப்பக்கம் தெரிந்த மலை, புது வீட்டு வாசலில் நின்றபோது இடது கைப்பக்கம் போய்விட்டது. ஊர் மாறிவிட்டது என்பதை நான் அப்போதுதான் நம்பினேன்.

விறகு விஷயத்தில் பாட்டி ஏமாந்துபோனாள். வீட்டைச் சுற்றிக் கொட்டி நிரப்பிய செம்மண், அதில் முளைத்த லாலாங் புல், கொல்லைப்புறம் நீளமாக ஒரு லொங்காங், கழிவுநீர் வாய்க்கால். அவ்வளவுதான். லொங்காங்கின் சிமெண்டுக் கரை வெடித்திருந்த இடத்தில் மட்டும் ஒரு மரம் நின்றது. யாரும் நட்டு வைத்ததாகத் தெரியவில்லை. கிளைகளை மேலே நிமிர்த்தாமல் பக்கவாட்டில் நீட்டி, நுனியைத் தொங்கவிட்டு, விரித்த குடையைப் போல நின்றது. எங்கள் வரிசை வீடுகளுக்கும் லொங்காங்குக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்க்கார வீடுகளுக்கும் நடுவில், இரண்டு பக்கத்துக்கும் நிழல் கொடுத்தது. செரி மரம்.

தோட்டத்தில் எனக்குத் தெரிந்த மரங்களுக்கெல்லாம் முதலாளி உண்டு. பால்மரம், அதாவது ரப்பர் மரம், கம்பெனியுடையது. நிரைக்கு இத்தனை மரம் என்று கணக்கு, மரத்துக்கு ஒரு மங்கு என்று கணக்கு, பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதற்கும் கணக்கு. அம்மா விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, பால்மரக் காடான தீம்பாரில் ஏறி இறங்கி, பால் எடுத்து முடிக்கும்வரை அந்த மரங்களுக்கு வேலைக்காரி. லயத்துப் பக்கம் இருந்த ரம்புத்தானும் மாமரமும் தோட்டக் குமாஸ்தாவான கிராணி வீட்டு வேலிக்குள் நின்றன. பழம் உதிர்ந்தால்கூட யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குனிய வேண்டும். லொங்காங் கரையில் நின்ற இந்த மரத்தை நான் முதல் நாள் அண்ணாந்து பார்த்தபோது, பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கிளையில் உட்கார்ந்தபடி கேட்டார்: “என்னடா பாக்குற, ஏறு.” யாரைக் கேட்டுக்கொண்டு ஏறுவது என்று நான் விழித்தது அவருக்குப் புரியவேயில்லை.

ஏறினால் கை ஒட்டும். செரி இலையின் இரண்டு பக்கமும் மெல்லிய மயிர். தடவினால் வெல்வெட்டுத் துணியில் தேன் பட்டதைப் போன்ற ஒரு பிசுபிசுப்பு. இலை நீளமாக, ஓரம் ரம்பமாக இருக்கும். அதன் அடிப்பாகத்தைக் காம்போடு பிடித்துப் பார்த்தால் ஒரு பாதி மேலே ஏறியும் மறுபாதி கீழே இறங்கியும் நிற்கும், அவசரத்தில் தைத்த சட்டைக் காலர் மாதிரி. பூ வெள்ளை, ஐந்து இதழ், கசங்கிய காகிதம். விடிகாலையில் கிளைக்கு மேலே தலை நிமிர்ந்து விரியும். பள்ளிவிட்டு வரும்போது பார்த்தால் இதழெல்லாம் உதிர்ந்து லொங்காங் தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும். பூவின் ஆயுசு அந்த அரைநாள்தான். அதன்பிறகு காம்பு மெல்ல வளைந்து இலைக்குக் கீழே ஒளிந்துகொள்ளும், அங்கேதான் காய் உருளும். அதனால் செரிப்பழம் தேடுகிறவன் மரத்துக்கு வெளியே நின்று பார்க்கக் கூடாது. உள்ளே போய் மல்லாந்து பார்க்க வேண்டும். இது எங்களுக்கு முதல் பாடம்.

இரண்டாவது பாடம் பொறுமை. பச்சைக் காய் துவர்க்கும். மஞ்சளாகி, ஆரஞ்சாகி, கடைசியில் சிவக்கும். கண்ணாடிக் கோலிக்குண்டைவிடச் சிறியது. ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். நன்றாகச் சிவந்த பழத்தைத் தொட்டாலே காம்பை விட்டுவிடும். வாயில் வைத்து நாக்கால் அழுத்தினால் தோல் வெடித்து, சீனிப்பாகில் மணலைக் கலந்ததுபோல் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். மணல் மாதிரி இருப்பது விதைகள், ஒரு பழத்துக்குள் ஆயிரக்கணக்கில். யாரும் துப்பியதில்லை, துப்பவும் முடியாது. எறும்புக்கும் எங்களுக்கும் தினமும் போட்டி. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போதே பறித்தால் எறும்பை முந்தலாம், ஆனால் இனிப்பு முழுசாக ஏறியிருக்காது. ஒரு நாள் விட்டுவைத்தால் இனிக்கும், ஆனால் எறும்போ வௌவாலோ தின்றுவிடலாம். வாழ்க்கையில் நான் எடுத்த முதல் கடினமான முடிவுகள் அந்தக் கிளையில் எடுத்தவை.

மைலோ டின் நிறையப் பழம் சேர்ந்தால் பங்கு பிரிப்போம். லொங்காங்குக்கு அந்தப் பக்கத்துப் பையன்களுக்கும் பங்கு உண்டு. மரத்தின் பாதி அவர்கள் பக்கம் சாய்ந்திருந்தது. அவர்கள் வீட்டு மாக்சிக் (மலாயில் அத்தை) ஒருவர் அதைக் கெருகுப் சியாம் என்பார். சியாம் நாட்டிலிருந்து வந்தது என்று அர்த்தம். சாமான் கடைச் சீனக் கிழவிக்கு அது வெறும் செரி. பிற்பாடு ஈப்போவில் ஒரு கல்யாணத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த தூரத்து மாமா மண்டபத்துக்கு வெளியே நின்ற செரி மரத்தைக் காட்டி, “எங்க ஊர்ல இதச் சிங்கப்பூர் செர்ரின்னு சொல்லுவோம், உங்க பக்கத்துலேர்ந்து வந்ததுதானே” என்றார். யாழ்ப்பாணத்துச் சிநேகிதர் ஒருவர் அதே மரத்தை ஜாம் மரம் என்றார். சியாமியரைக் கேட்டால் அவர்கள் வைத்த பெயர் தாக்கோப் ஃபராங், அதாவது வெள்ளைக்காரன் தாக்கோப். இந்தோனேசியாவில் கெர்சன், அது செரியைக் குறிக்கும் டச்சுச் சொல். ஒவ்வொரு ஊரும் இந்த மரத்தை இன்னொரு ஊர்மேல் தள்ளிவிட்டிருக்கிறது. தேனான பழத்தைக் கொடுக்கிற மரத்துக்கு இந்தக் கதி.

உண்மையில் அதன் தாய்மண் மெக்சிகோவின் தென்பகுதியில் தொடங்கி, மத்திய அமெரிக்கா வழியாகப் பெரு, பொலிவியாவரை போகிறது. பால்மரமும் அந்தக் கண்டத்து மரம்தான். ஆனால் பால்மரம் வந்த விதம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. 1876இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து விதைகளைக் கப்பலேற்றியது, அவை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தது, அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது எல்லாம் எங்களுக்குப் பரீட்சைக் கேள்விகள். அந்தக் கன்றுகளின் வாரிசுகளுக்குப் பால்வெட்டத்தான் எங்கள் பாட்டன் பூட்டன்கள் கப்பலேறினார்கள். செரி மரத்தையும் யாரோ எப்போதோ கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்க வேண்டும். அதைப் பற்றி எங்களை யாரும் பரீட்சையில் கேட்கவில்லை. கடல் தாண்டிய பிறகு அது மனிதனை நம்பியிருக்கவில்லை, வௌவாலைப் பிடித்துக்கொண்டது.

இருட்டினால் வௌவால்கள் வரும். உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பழவௌவால்கள். பழத்தைக் கவ்விக்கொண்டு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து தொங்கிச் சாவகாசமாகத் தின்னும். காலையில் சுண்ணாம்பு அடித்த சுவரில் மஞ்சள் மஞ்சளாகத் தீற்றல், தீற்றலுக்குள் விதைகள். பகலில் மெர்பா குருவியும், முதுகில் சிவப்புக் கோடு போட்ட கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்றும் வரும். அம்மா காயப்போட்ட வெள்ளைச் சட்டைகளில் அவை தங்கள் பங்கைப் போட்டுவிட்டுப் போகும். அப்பாவின் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு முறை பட்டு, எத்தனை ப்ளூ போட்டும் போகவில்லை. “இந்த மரத்த வெட்டுனாத்தான் எனக்கு விமோசனம்” என்று அம்மா சொல்லாத வாரமில்லை. ஆனாலும் வௌவால் சுவரில் தீற்றிவிட்டுப் போனதுதான் மரத்தின் தபால். எந்த வெடிப்பில் விழுந்தாலும் முளைக்கும். உரம் வேண்டாம், நல்ல மண் வேண்டாம், வெயில் மட்டும் போதும். முளைத்த இரண்டு ஆண்டுக்குள் பழமும் வைத்துவிடும். பால்மரம் வெட்டுக்கு வர ஆறேழு வருஷம் ஆகும் என்று கேட்டு வளர்ந்த பாட்டிக்கு இந்த அவசரம் பிடிக்கவில்லை. “சீக்கிரம் வளர்றது எதுவும் ஒறுதியா இருக்காது” என்பாள்.

அவள் சொன்னதும் சரிதான். ஒரு நாள் அண்ணன் உட்கார்ந்திருந்த கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறிந்து, அவனோடு சேர்ந்து லொங்காங்கில் விழுந்தது. அண்ணனுக்கு முழங்கை வீங்கியது. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப்போட்டுக்கொண்டிருக்க, பாட்டி கிளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “பஞ்சு” என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னாள். அடுப்பில் வைத்தால் பொசுக்கென்று பற்றி, பேச்சு முடிவதற்குள் சாம்பலாகிவிடும். கரி நிற்காது. கரிக்கு வேண்டியது பாக்காவ் மரம். சேற்றுக்கடலோரத்தில் நிற்கும், இரும்பாகக் கனக்கும். மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் காடாக நிற்கிறதே, அந்த ஜாதி. அதைச் சூளையில் அடுக்கி, தீ எரியவிடாமல் புகையவிட்டே கரியாக்குவார்கள். அப்படிப்பட்ட கரியைத்தான் பாட்டி சீனர் கடையில் கிலோக் கணக்கில் வாங்கி, ஒவ்வொரு துண்டையும் தட்டி ஓசை கேட்டுப் பார்ப்பாள். “கரி சுடுற ஊர்ல கரிக்கு ஆகாத மரந்தான் மொளைக்கிது” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

முறிந்த கிளையை வீணாக்காதவர் பக்கத்து வீட்டு அண்ணன்தான். பட்டையை நுனியில் கீறி இழுத்தார். மேலிருந்து கீழ்வரை நாடா நாடாவாக உரிந்தது. மூன்று நாடாவைப் பின்னினால் எவ்வளவு இழுத்தாலும் அறாத கயிறு. எங்கள் பட்டத்துக்கு வால், ஊஞ்சலுக்குக் கயிறு, கோழியைக் கட்ட ஒரு முழம் என்று அந்த வாரம் முழுக்கப் பட்டை உரித்தோம். மரத்தின் சொந்த நாட்டிலும் அதைக் கயிறு திரிக்கத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியவந்தபோது, அந்த அண்ணனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தேன். யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பால்மரத்துப் பட்டையிலேயே பிழைப்பு நடத்திய வீட்டுப் பிள்ளை, பட்டையைப் பார்த்தால் சும்மா இருக்காது. மாமா ஒருவர் செரிப்பழத்தைத் தூண்டிலில் குத்தி ஆற்றில் லம்பாம் மீன் பிடிப்பார். பிரேசிலில் ஆற்றோரங்களில் இந்த மரத்தை வேண்டுமென்றே நட்டு, பழம் விழுகிற இடத்தில் மீன் கூடுவதைப் பிடிக்கிறார்கள். அதுவும் மாமாவுக்குத் தெரியாது.

இனி எலுமிச்சை மரக் கதையைச் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டு படித்தபோது ஆங்கில வாசிப்புப் புத்தகத்தில் ஒரு பிரபு வீட்டுக் கதை வந்தது. மாளிகைக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் லைம் மரங்கள், அவற்றின் நிழலில் குதிரை வண்டிகள், பூவாசத்தில் தேனீக்கள். லைம் என்றால் என்ன என்று கேட்டோம். “லீமாவ், எலுமிச்சை” என்று பதில் வந்தது. அந்தக் காலத்து அகராதியில் அதற்கு மேல் எங்களால் தேடவும் முடியாது. எனக்கு ஒரே திகைப்பு. எலுமிச்சைச் செடி எங்கள் கொல்லையிலும் இருந்தது. முள் குத்தும், இடுப்பு உயரம்கூட வராது. அதன் நிழலில் குதிரை வண்டி எப்படிப் போகும்? புது மோட்டார் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குகிற வழக்கம் வெள்ளைக்காரனுக்கும் உண்டு போல, அதனால்தான் சாலை நெடுக நட்டு வைத்திருக்கிறான் என்று அண்ணன் விளக்கம் சொன்னான். தைப்பூசத்துக்குச் சுங்கை பட்டாணியில் முதுகு நிறைய எலுமிச்சம்பழம் குத்திக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிரபுவின் சாலை எனக்கு நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. பல வருஷங்கள் அப்படியே நம்பியிருந்தேன்.

பினாங்கில் வேலை பார்த்த காலத்தில் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவேன். அங்கே புரட்டிய ஒரு மரப் புத்தகத்தில்தான் குட்டு உடைந்தது. இங்கிலாந்துக்காரன் லைம் என்று சொல்கிற மரத்தில் எலுமிச்சை காய்க்காது. அது லிண்டன் மரம். ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா என்று பனி பெய்கிற நாடுகளில் சுமார் முப்பது வகை உண்டு. குளிர்காலத்தில் இலையை முழுக்கக் கொட்டிவிட்டு நிற்கும். எங்கள் வெயிலில் அதற்கு வேலையில்லை. இதய வடிவ இலை, அதன் அடிப்பாகமும் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். வெளிர்மஞ்சள் பூங்கொத்து ஒரு நீளமான சிறகு மாதிரி இலையில் தொங்கும். காயானபின் அந்தச் சிறகே காற்றில் சுழன்று அதைத் தூர எடுத்துப்போகும். அதற்கு வௌவால் தேவையில்லை. பெர்லினில் 1647இல் அரண்மனையிலிருந்து வேட்டைக்காடுவரை இந்த மரத்தை வரிசையாக நட்டார்கள், அந்தச் சாலைக்கு இன்றும் ‘லிண்டன் மரங்களின் கீழே’ என்றுதான் பெயர். பூவைக் காயவைத்து, சளிக்கும் காய்ச்சலுக்கும் கொதிநீரில் போட்டுக் குடிக்கிறார்கள். கட்டை வெள்ளையாக, மெதுவாக இருக்கும். விறகுக்கு உதவாது, ஆனால் ஜெர்மானியச் சிற்பிகள் தேவாலயங்களுக்குச் சிலை செதுக்கியது இதில்தான். உள்பட்டையை உரித்துக் கயிறு திரிப்பார்கள், ருஷ்யக் குடியானவர்கள் அதில் செருப்புப் பின்னிப் போட்டார்கள்.

படித்துக்கொண்டே வந்தவன் அங்கே நிறுத்திவிட்டேன். பட்டையில் கயிறு, மெதுவான கட்டை, கோணல் இலை. இந்த மரத்தை நான் அறிவேன். இன்னும் சில புத்தகங்களைத் தேடிப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. எங்கள் செரி மரத்தைத் தாவரவியலாளர்கள் பலர் லிண்டன் குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். வேறு சிலர் உத்திராட்ச மரத்தின் குடும்பத்தில் வைத்தார்கள். 1998இல் இரண்டும் வேண்டாம் என்று அதற்கெனத் தனிக் குடும்பம் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார்கள். லிண்டனின் பழைய குடும்பத்தில் இருந்த இன்னொன்று சணல். பாட்டி கரி வாங்கிவந்த கோணிச் சாக்கும் அந்த வகையில் உறவு. இப்போது லிண்டனையும் சணலையும் செம்பருத்திக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள், அந்தக் குடும்பத்தில் வெண்டைக்காய், பருத்தி, கொக்கோ, டுரியான் எல்லாரும் இருக்கிறார்கள். டுரியானுக்கும் பெர்லின் சாலை மரத்துக்கும் சொந்தம் என்பதை நான் சீனர் கடை வாசலில் சொன்னால் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்.

இதைவிட ஒரு வேடிக்கை உண்டு. செரி மரத்துக்கு முண்டிங்கியா கலபூரா என்ற பெயரை 1753இல் நூலில் பதிந்தவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். முன்பகுதி ஆபிரகாம் முண்டிங் என்ற டச்சுத் தாவரவியலாளரின் நினைவு. பெயர் வைத்தவருக்கு லின்னேயஸ் என்ற குடும்பப் பெயர் எப்படி வந்தது? அவருடைய அப்பா, தங்கள் குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரத்தை நினைத்துத் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. லிண்டனைத் தன் பெயரிலேயே சுமந்த மனிதர்தான் எங்கள் லொங்காங் மரத்துக்கும் பெயர் எழுதியிருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனி போய்வந்த மருமகன் ஒரு பொட்டலம் லிண்டன் பூத் தேநீர் கொண்டுவந்தான். பிரித்தேன். காய்ந்த பூவோடு அந்தச் சிறகிலையும் இருந்தது. கொதிநீர் ஊற்றியதும் வைக்கோலும் தேனும் கலந்த வாசம். லொங்காங்குக்கு அந்தப் பக்கத்து மாக்சிக் நினைவு வந்தது. அவர் செரி இலையைப் பறித்து நிழலில் உலர்த்தி, கொதிக்கவைத்து, கால் மூட்டு வலிக்கும் இனிப்பு நீருக்கும் குடிப்பார். அம்மாவுக்கும் ஒரு கோப்பை கொடுத்தனுப்புவார். அம்மா முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுக் கோப்பையில் இரண்டு அதிரசம் வைத்துத் திருப்பி அனுப்புவாள். அந்த இலைச்சாறு வலியைக் குறைக்கிறதா என்று மலேசியப் பல்கலைக்கழகங்களில் எலிகளை வைத்துச் சோதித்து, குறைக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். எலிக்கு ஆனது மாக்சிக்குக்கும் ஆனதா என்பது வேறு விஷயம். அம்மாவுக்கு மரத்தின்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்ததற்கு அந்தக் கோப்பைதான் காரணம் என்பது எனக்குத் தெரியும்.

நான் மூன்றாம் படிவம் படித்த ஆண்டு லொங்காங்கை அகலப்படுத்த ஆட்கள் வந்தார்கள். மரம் அரைமணி நேரத்தில் விழுந்தது. பஞ்சு மரம், ரம்பத்துக்கு வேலையே இல்லை. லொங்காங்குக்கு இரண்டு பக்கமும் நாங்கள் நின்று பார்த்தோம். அம்மா சொன்ன விமோசனம் வந்துவிட்டது. அவள் கொடியில் துணி எடுக்க வந்தவள், எடுக்காமலே உள்ளே போய்விட்டாள். பாட்டி மட்டும் ஆட்களிடம் போய் ஏதோ கேட்டு, கைப்பருமனில் ஒரு கட்டுக் கிளை வாங்கிவந்து, அடுக்களைக் கூரைக்கு அடியில் சாய்த்து வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து, நல்ல அடைமழை. வீட்டில் அடுப்புக்கரி நமத்துப்போயிருந்தது. பாட்டி காய்ந்த செரிக் குச்சிகள் நாலைந்தைக் கரிக்கு நடுவில் செருகி, தீக்குச்சியைக் கிழித்து வைத்தாள். புகை வரவில்லை. குச்சிகள் ஒரே மூச்சில் பற்றின. அவை சாம்பலாவதற்குள் கரியின் ஓரம் சிவந்துவிட்டது. தோசைக்கல்லை ஏற்றிவிட்டு, கூரைக்கு அடியில் மிச்சமிருந்த குச்சிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு கட்டுக் கேட்டு வாங்கியிருக்கலாம்” என்றாள்.